கோடு

பெரியகல்லாற்றில் நிலம் ஒடுக்கம்.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
நடுவில் மனிதர் அங்குலக் கணக்கில் குடியிருக்கிறார்கள்.
நான் அளப்பவள். முத்திரையும் நாடாவும் உண்டு.
கோடு போடுவது தொழில்.
கோட்டுக்குப் போவேன் என்று
நானும் நினைத்திருக்கவில்லை.

கடல் வந்துபோன பிறகு எல்லைக்கல் ஒன்றும் மிஞ்சவில்லை.
சபைக்கு மதில் கட்டக் காசு வந்தது.
செயலாளர் வில்பிரட் அண்ணர்
பச்சை நைலோன் கயிற்றை இழுத்துக் காட்டினார்:
"இதாலதான் வரும் தங்கச்சி."
அது அதால் வராது.
கச்சேரியில் கிடந்த பழைய படத்தில்
கனகவல்லியின் கிணற்று விளிம்பிலிருந்து எல்லைக்குப்
பதினொன்றேகால் அடி.
கயிறு நின்றது ஏழரையில்.
கல்லைக் கடல் கொண்டுபோகலாம்,
கிணறு எங்கே போகும்?
நான் கயிற்றின்படி வரைந்தேன்.
கையெழுத்து வைத்தேன்.
மறுகா எல்லாரும் தலைகுனிந்து ஜெபித்தோம்.

பதின்மூன்று வருஷம்
பின்நேரங்களில் அந்த மதிலின் நிழல்
அவள் கிணற்றுக்குள் விழுந்தது.
உபாகமம் வாசிக்கிற ஞாயிறுகளில்
எல்லைக்குறியைத் தள்ளிவைத்தவனுக்கு வருகிற சாபத்தைத் தாண்ட
பக்கத்தைக் கொஞ்சம் வேகமாய்ப் புரட்டுவேன்.

அவள் வழக்குப் போட்டதும்
போதகர் எங்களைக் கூட்டிப் பவுலைத் திறந்தார்:
பரிசுத்தவான்கள் தங்கள் வழக்கை
வெளியார் முன் கொண்டுபோகலாமா?
எனக்கும் அந்த அதிகாரம் மனப்பாடம்.
ஆனால் போதகரே,
கனகவல்லிக்கு வெளியார் நாங்கள்.
பேச்சியம்மனுக்குப் பொங்குகிறவள்
எங்கள் மூப்பர் கூட்டத்தில் எந்தக் கதிரையில் இருப்பாள்?
எங்கள் ஜெபத்துக்கு எப்போது ஆமென் சொல்வாள்?
அவளுக்கும் எங்களுக்கும் பொதுவாய் இருந்தது
களுவாஞ்சிகுடிக் கோடு மட்டும்தான்,
மின்விசிறி கிறீச்சிடும் ஒரு மண்டபம்.

முதலியார் வேதாகமத்தை நீட்டினார்.
"சத்தியம் செய்யமாட்டேன். உறுதி சொல்கிறேன்."
"கிறிஸ்தவர்தானே நீங்கள்?"
"ஓம். அதனால்தான்."
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
அவர் நீட்டிய புத்தகத்துக்குள்ளேயே
மலைமேல் இருந்தபடி ஒருவர்
சத்தியமே வேண்டாம் என்கிறார்,
ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை,
மிச்சமெல்லாம் தீமையால் வருவது என்கிறார்.
அதை நான் அங்கே விளக்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
சட்டத்தரணி கேட்டது, எத்தனை அடி?

மூன்று அடி ஒன்பது அங்குலம்.

"யாருடைய காணிக்குள்?"
வாதியின் காணிக்குள்.
"இந்தப் படத்தில் உள்ள கையெழுத்து?"
என்னுடையது.
"பிழையென்று அப்போது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.

தட்டச்சுச் சத்தம் நின்று, பிறகு தொடங்கியது.
வில்பிரட் அண்ணர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஆராதனைக்குப் போடுகிற செருப்பு.

நீதிபதியிடம் மன்னிப்புக்குப் படிவம் இல்லை;
திணைக்களத்துக்கு எழுதச் சொன்னார், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.
சபையில் மன்னிப்பு இருந்தது,
நான் பாவி என்று பொதுவாய்ச் சொன்னால்.
மூன்று அடி ஒன்பது அங்குலம் என்று சொன்னால்
இருக்கவில்லை.
இப்போது என் வாங்கில்
குடையையும் பையையும் தாராளமாய் வைக்கலாம்.
ஆனாலும் போகிறேன். அந்த மேசை அவர்களுடையதல்ல.

மதில் இடித்த கிழமை
கனகவல்லி ஆள் அனுப்பினாள், வேலிக்குக் குறி வைக்க.
அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.
"தாள் எனக்கென்னத்துக்கு? நாடாவைக் கொண்டு வாங்க."

நன்றி சொல்லவில்லை. இருங்க என்றும் சொல்லவில்லை.
கிணற்றடியில் குந்தி,
நாடாவின் வெறும் நுனியை என் கையில் தந்து,
இலக்கம் உள்ள பக்கத்தைத் தான் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"நீங்க புடிங்க. நான் வாசிக்கிறன்."